ஆவிக்குரிய தேக்கம்: ஓய்வுநாள் பள்ளியின் புதிய ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் மாதத் தண்ணீர்த் திருவிழா விடுமுறையில் மியான்மரின் யாங்கோனிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் உள்ள சபைகள் வாலிபர் முகாம்களை நடத்துகின்றன. அங்கே தங்களை ஒப்புக்கொடுக்கும் இளைஞர்களில் சிலர், ஜூன் மாதத்தில் பள்ளிகள் திறக்கும்போது ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களாகிவிடுகிறார்கள். எங்கள் தமிழ்ச் சபையில் அவர்களைப் பயிற்றுவிக்கும் பொறுப்பு நெடுங்காலமாக என்னிடம் இருக்கிறது. எங்கள் தலைமுறை எந்த இடத்தில் தேங்கியதோ அதே இடத்தில் இவர்களும் வந்து நிற்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். தினமும் ஜெபிக்க வேண்டும், ஆராதனைக்கு நேரத்தோடு வர வேண்டும் என்பவற்றை அவர்கள் சிறுவயது முதல் கேட்டிருக்கிறார்கள். அவற்றை இங்கே சொல்லப்போவதில்லை.

வறட்சியைத் தேக்கம் என்று எண்ணுவது

முகாமில் மூண்ட அனல் மழைக்காலத்திற்குள் தணிந்துவிடும்போது, விசுவாசமே போய்விட்டது என்று சிலர் முடிவுகட்டி, அந்த உணர்ச்சியைத் தேடி வேறு சபைக்குப் போகிறார்கள். நம் நாட்டின் திருச்சபை வரலாறே அவர்களுக்கு மறுமொழி சொல்கிறது. 1813இல் ரங்கூனில் (இன்றைய யாங்கோன்) வந்திறங்கிய அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன், முதல் பர்மிய விசுவாசிக்கு ஞானஸ்நானம் கொடுக்க 1819 வரை காத்திருந்தார். 1826இல் மனைவியையும், அடுத்த ஆண்டு குழந்தை மரியாளையும் இழந்தபின், மோல்மேன் நகரின் அருகே காட்டில் ஒரு குடிசையில் தனித்திருந்தார். தமக்கென்று ஒரு கல்லறைக் குழியைத் தோண்டி அதன் ஓரத்தில் அமர்ந்திருந்தார். தேவனை விசுவாசிக்கிறேன், ஆனால் அவரைக் கண்டடைய முடியவில்லை என்ற பொருள்பட எழுதினார். பின்னர் அந்த இருள் விலகியது. 1834 ஜனவரியில் வேதாகமம் முழுவதையும் பர்மிய மொழியில் பெயர்த்து முடித்தார்.

அந்த ஆண்டுகளில் ஜட்சன் தேவனுக்காகத் தவித்தார். தேக்கம் என்பது தவிப்புகூட இல்லாத நிலை. ஆகையால், தவித்துக்கொண்டு என்னிடம் வரும் இளைஞரிடம், தம்பி, நீ தேங்கிவிடவில்லை என்று தயக்கமின்றிச் சொல்கிறேன்.

பிறருக்காக மட்டுமே வேதத்தைத் திறப்பது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு எரிச்சலூட்டுகிற தவறு இதுதான். இதில் ஆசிரியர்களைவிடச் சபையின் மூப்பர்களாகிய எங்களுக்கே பங்கு அதிகம்.

இதன் வேர் எங்கள் வரலாற்றில் இருக்கிறது. 1960களில் தமிழர் பெருந்தொகையாக இந்தியாவுக்குத் திரும்பினார்கள். தனியார் பள்ளிகள் அரசுடைமையாயின. 1966இல் வெளிநாட்டு மிஷனரிகளும் வெளியேற நேர்ந்தது. எஞ்சிய சிறு சபைகளைத் தாங்கியவர்கள் போதகர் அல்லாத சாதாரண விசுவாசிகளே. தமிழைச் சரளமாக வாசிக்கத் தெரிந்தவர்கள் குறையக் குறைய, வாசிக்கத் தெரிந்த ஒருவரின் தலைமேலேயே வேதபாட வாசிப்பு, பாட்டு நடத்துதல், ஓய்வுநாள் பள்ளி, வீட்டு ஜெபத்தில் செய்தி என எல்லாம் ஏறின. அந்த வழக்கம் இன்றும் மாறவில்லை.

புதிய ஆசிரியர் ஒருவரின் வாரத்தைப் பாருங்கள். பிள்ளைகள் பர்மிய மொழியில் படித்து வளர்ந்தவர்கள். ஆகவே அவர் பாடப்பகுதியை முதலில் தமிழில் வாசித்து, பிறகு ஜட்சனின் பர்மிய வேதாகமத்தில் வாசித்து, கடினமான சொற்களுக்கு விளக்கம் எழுதி, கதையை இரு மொழிகளிலும் சொல்லிப் பார்க்கிறார். சனிக்கிழமை இரவு முழுவதும் அவர் கையில் வேதம் இருக்கிறது. வேதத்தோடு மணிக்கணக்காக இருந்தேன் என்ற நிறைவோடு படுக்கிறார். ஆனால் அவர் வாசித்த ஒரு வரியும் அவரை நோக்கிப் பேசியிருக்காது, ஏனெனில் பிள்ளைகளுக்கு என்ன சொல்லலாம் என்ற ஒரே கேள்வியோடுதான் அவர் அதைத் திறந்தார். விருந்தில் பந்தி பரிமாறுகிறவர் எல்லா இலைகளையும் பார்த்திருப்பார், தாம் உண்டிருக்கமாட்டார்.

2 சாமுவேல் 12ஆம் அதிகாரத்தில், தீர்க்கதரிசி நாத்தான் சொன்ன கதையைக் கேட்ட தாவீது ராஜா, ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்டவன் மரணத்திற்குப் பாத்திரன் என்று உடனே தீர்ப்புச் சொன்னான். கதையை அவன் சரியாகவே புரிந்துகொண்டிருந்தான். அதிலுள்ள குற்றவாளி தானே என்பது மட்டும், ‘நீயே அந்த மனுஷன்’ என்று தீர்க்கதரிசி சொல்லும்வரை அவனுக்குத் தோன்றவில்லை. பாடம் தயாரிக்கும் கண்ணோடு மட்டும் வாசிப்பவருக்கும் இதுவே நேர்கிறது: கீழ்ப்படிதலைப் பற்றிய வசனம் குறும்புக்காரப் பையனுக்கு, கோபத்தைப் பற்றிய வசனம் அவனுடைய தந்தைக்கு என்று, எல்லா வசனங்களையும் அவர் யாருக்காவது பங்கிட்டுக் கொடுத்துவிடுகிறார்.

எங்கள் சபையில் ஓர் இளைஞர் இருந்தார். எந்தப் பகுதியைக் கொடுத்தாலும் அன்று மாலையே பாடமாக்கித் தரக்கூடியவர். அவருடைய தகப்பனார் நோயுற்றுக் கிடந்தபோது ஒரு சங்கீதம் வாசிக்கச் சொன்னார். வாசித்தார், உடனே அந்தச் சங்கீதத்தின் பிரிவுகளை விளக்கத் தொடங்கினார். ஜெபம் பண்ணு என்று தகப்பனார் கேட்டபோது அவருக்கு வார்த்தை வரவில்லை. அவரே என்னிடம் வந்து இதைச் சொன்னார். சபையோ அந்த ஆண்டே அவருக்கு இன்னொரு வகுப்பையும் வாலிபர் கூட்டத்தின் செயலாளர் பொறுப்பையும் சேர்த்துக் கொடுத்தது. அவர் யாரோடும் சண்டையிடவில்லை, எந்தக் குற்றத்திலும் விழவில்லை. சிறிது காலத்தில் வருவதை நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான். ‘என்னைத் திராட்சத்தோட்டங்களுக்குக் காவற்காரியாக வைத்தார்கள், என் சொந்தத் திராட்சத்தோட்டத்தையோ நான் காக்கவில்லை’ என்று உன்னதப்பாட்டில் வரும் வசனத்தை நான் அவரை நினைக்காமல் வாசிக்க முடிவதில்லை.

எனவே பயிற்சி வகுப்பில் இதைக் கண்டிப்பாகக் கேட்கிறேன். பாடம் ஆதியாகமத்தில் நடந்தால், உங்கள் சொந்த வாசிப்பு வேறொரு புத்தகத்தில் இருக்கட்டும். மாற்கு சுவிசேஷம் பதினாறே அதிகாரங்கள்தான், அங்கே தொடங்கலாம். அந்த வேளையில் கையில் பேனாவும் கைப்பேசியும் வேண்டாம். வகுப்புக்கு உதவும் நல்ல கருத்து ஒன்று தோன்றினால், அதைக் குறித்துவைக்காமல் போகவிடுங்கள். தேவையானால் அது திரும்பி வரும். வாசித்ததில் ஒரு வசனத்தையாவது உங்கள் பெயரில் ஜெபமாக்கிவிட்டு எழுந்திருங்கள். சனிக்கிழமை இரவை இதற்கு வைத்துக்கொள்ளாதீர்கள், அது பாடத்தின் கைக்குப் போய்விடும். ஆசிரியர்கள் கூடும்போது, இந்த வாரம் என்ன கற்பிக்கப்போகிறீர்கள் என்பதற்கு முன்பாக, உங்களுக்கு என்ன சொல்லப்பட்டது என்று ஒருவரையொருவர் கேளுங்கள். பதில் இல்லாத வாரங்கள் வரும். அவை தொடர்ந்து வந்தால், வகுப்பை நிறுத்திவிட்டாவது அந்த ஆசிரியரோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

கூட்டத்தின் ஜெபத்தையே தன் ஜெபமாக எண்ணுவது

2020இல் பெருந்தொற்றும் 2021இல் இரவு ஊரடங்கும் மாலைக் கூட்டங்களை நிறுத்தியபோது, பலருடைய ஜெபமும் அன்றோடு நின்றுபோனது.

பழைய சாட்சியையே சொல்லிக்கொண்டிருப்பது

இரட்சிக்கப்பட்ட நாளுக்குப் பிறகும் தேவன் பேசுகிறார், அதையும் சொல்லுங்கள்.

மனஸ்தாபத்தை வைத்துக்கொண்டு ஊழியம் செய்வது

எங்கள் சபைகள் சிறியவை; பாதிப்பேர் ஒருவருக்கொருவர் மாமன், மைத்துனர். ஒரு திருமணத்தில் ஏற்பட்ட வருத்தம் பாடகர் குழுவுக்குள் வந்து, அங்கேயே ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். பேசாமல் இருப்பதைப் பொறுமை என்று கருதி, அதே வாயால் பிள்ளைகளுக்கு மன்னிப்பைக் கற்பிக்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகும்படி மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்னதில் விதிவிலக்கு எதுவும் இல்லை. வகுப்புக்கு அரைமணி தாமதமானாலும் சரி, போய்ப் பேசிவிட்டு வாருங்கள்.

பொறுப்பை இறக்கிவைக்கக் கூசுவது

பல ஆண்டுகள் கற்பித்த ஆசிரியர் ஓராண்டு விலகி, பெரியவர்களின் வேதபாட வகுப்பில் மாணவராக அமர்ந்தால், பின்வாங்கிப்போய்விட்டார் என்று சபையில் பேச்சு எழுகிறது. அந்தப் பேச்சை மூப்பர்கள் வெளிப்படையாகத் தடுக்க வேண்டும். புதியவர்களோ முதல் ஆண்டில் தனி வகுப்பு எடுக்காமல், மூத்த ஆசிரியர் ஒருவருக்குத் துணையாக இருந்தால் போதும். இந்த ஜூனில் இரண்டாவது பொறுப்போடு போதகர் உங்களிடம் வந்தால், அடுத்த ஆண்டு கேளுங்கள், ஐயா என்று பணிவாகச் சொல்லுங்கள். அவர் வற்புறுத்தினால், என்னிடம் அனுப்பிவையுங்கள்; நான் பேசிக்கொள்கிறேன்.