பச்சிளங்குழந்தைப் பிரிவுச் செவிலியருக்கு மேற்பயிற்சி: ஒரு தாளிலிருந்து தொடங்கும் முறை

வேதாரண்யத்திலிருந்தோ திருத்துறைப்பூண்டியிலிருந்தோ குறைமாதக் குழந்தை ஒன்று நள்ளிரவில் 108 வண்டியில் வந்து சேர்ந்தால், விடியும்வரை அதன் அருகிலிருந்து அகலாதவர் செவிலியரே. அவருடைய பொறுப்பை விரிவாக்க நினைக்கும் டெல்டா மருத்துவமனைகளுக்கு ஜப்பானிய ஏற்பாடு ஒன்று பயன்படும்.

அங்கே 2015 அக்டோபர் முதல், உரிய பயிற்சி முடித்த செவிலியர், 21 பிரிவுகளில் அடங்கும் 38 மருத்துவச் செயல்களை, மருத்துவர் முன்னதாகவே எழுதிக்கொடுத்த நடைமுறைத் தாளின்படி, ஒவ்வொரு முறையும் அவரைக் கேட்டுக் காத்திராமல் செய்யலாம். செயற்கைச் சுவாசக் கருவியின் அளவுகளை மாற்றுவதும் அவற்றுள் ஒன்று. அந்தச் சட்டம் இங்கே செல்லாது என்பதால், செயல்களின் பட்டியலை விட்டுவிட்டுத் தாளின் அமைப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், நான்கு நாள் வகுப்பும் இரண்டு வாரம் உடனிருந்து பார்த்துக் கற்கும் பயிற்சியும் கொண்ட அரசின் பச்சிளங்குழந்தைப் பராமரிப்புப் பயிற்சியை முடித்தவர்களைத் தேர்ந்தெடுங்கள். பிறகு, இங்கே செவிலியருக்கு அனுமதிக்கப்பட்ட செயல்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, பிரிவுத் தலைமை மருத்துவரின் கையொப்பத்துடன் தாளை எழுதச் செய்யுங்கள். அதில் ஆறு செய்திகள் இருக்க வேண்டும்: நோய்நிலையின் எல்லை, செய்யவேண்டிய செயல், அது எந்தக் குழந்தைக்கு, முன்னதாகச் சரிபார்க்க வேண்டியவை, யாரை அழைப்பது, பின்னர் எவ்வாறு தெரிவிப்பது.

மூக்குக் குழாய் வழியே இடைவிடாத அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி மூச்சுக்குத் துணைசெய்யும் சிபாப் (CPAP) கருவியில் இருக்கும் குறைமாதக் குழந்தைக்கு ஆக்சிஜனைக் கூட்டிக் குறைப்பதை எடுத்துக்கொள்வோம். இரத்த ஆக்சிஜன் அளவு 90 முதல் 95 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். அது 90-க்குக் கீழே இறங்கியவுடன் ஆக்சிஜனைக் கூட்டும் குமிழைத் தொடக்கூடாது. இரத்த ஆக்சிஜனை அளக்கப் பாதத்தில் கட்டிய ப்ரோப் (உணரி) நழுவியிருக்கிறதா (குழந்தை உதைத்துத் தள்ளியிருப்பது அடிக்கடி நடப்பதுதான்), மூக்குக் குழாய் விலகியிருக்கிறதா, சளி அடைத்திருக்கிறதா, வாய் திறந்திருக்கிறதா, கருவியின் தண்ணீர்க் குடுவையில் குமிழி வருகிறதா என்று வரிசையாகப் பார்த்த பிறகே ஆக்சிஜனைச் சிறிது கூட்ட வேண்டும். 95-ஐத் தாண்டினால் குறைத்தே ஆகவேண்டும், ஏனெனில் மிகுதியான ஆக்சிஜன் குறைமாதக் குழந்தையின் விழித்திரையைப் பாதிக்கும். கூட்டுவதில் உள்ள அக்கறை குறைப்பதில் பலருக்கு இருப்பதில்லை. ஆக்சிஜனை எவ்வளவு வரை கூட்டலாம் என்ற எண்ணைத் தாளிலேயே எழுதுங்கள். மூச்சு நின்றாலோ இதயத்துடிப்பு 100-க்குக் கீழே இறங்கினாலோ உடனே மூச்சூட்டத் தொடங்கி, உடன் பணியில் இருப்பவர் மூலம் மருத்துவரை அழைக்க வேண்டும்.

மருத்துவர் பக்கத்தில் நின்று பார்த்து, தனியே செய்யலாம் என்று பெயரிட்டு எழுதித்தரும்வரை எவரும் தனியே செய்யக்கூடாது. செய்த ஒவ்வொரு மாற்றமும், நேரத்துடனும் முன்பின் அளவுகளுடனும், பணிமாற்றத்துக்கு முன்பே கேஸ் ஷீட்டில் ஏறியிருக்க வேண்டும்.