சிங்க்கை நகர்த்திய கதை

பழைய ஃபிளாட்டில் சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே இருந்த சுவரை எடுத்தோம். நாலரை அங்குலச் சுவர்தான்; ஆனாலும் எஞ்சினியர் வந்து, பாரம் பீமில்தான் நிற்கிறது என்று சொன்ன பிறகே கை வைத்தோம்.

தலைவலி சிங்க்கில் வந்தது. அதை ஜன்னலோரம் மாற்றியதில் கழிவுநீர்க் குழாய் 10 அடி நீண்டது. பிளம்பர் அதைச் சரிவே இல்லாமல் தரைக்குள் பதித்துவிட்டார். இரண்டே வாரத்தில் அடைப்பு. தண்ணீர் கொளகொளவென்று மேலே வந்தது.

புது டைல்ஸை உடைக்க மனசு வரவில்லை. அந்தக் குழாயை அப்படியே விட்டுவிட்டு, கேபினட்டுக்குள் சுவரோரமாக வேறொன்று ஓட்டினோம். அடிக்குக் கால் அங்குலம், மொத்தம் இரண்டரை அங்குலச் சரிவு. ரசமட்டத்தை இந்தமுறை நானே வைத்துப் பார்த்தேன் (நம்பிக்கை அவ்வளவுதான்). வளைவில் சுத்தம் செய்ய ஒரு மூடியும் உண்டு. கீழ் டிராயர் ஒன்று போனது, போகட்டும்.