கோப்ரா கார்: நகலையும் அசலையும் ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஷெல்பி கோப்ரா என்ற அறுபதுகளின் ஸ்போர்ட்ஸ் காரில் அசல் வண்டிகள் சுமார் ஆயிரம்தான். நகல்களோ பல்லாயிரம். அதனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசும் ஆசை எல்லோருக்கும் வருகிறது. ஆனால் பேச்சு பெரும்பாலும் முதல் அடியிலேயே தடம் மாறிவிடுகிறது.

எந்த அசல் என்று கேட்காமல் ஒப்பிடுவதுதான் பெரிய தவறு. 1962-ல் டெக்சாஸ்காரர் கரோல் ஷெல்பி, இங்கிலாந்தின் ஏ.சி. நிறுவனம் செய்த 'ஏஸ்' என்ற சின்னக் காரில் ஃபோர்டின் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினைப் பொருத்தினார். முதலில் 4.2 லிட்டர், அப்புறம் 4.7. மெலிந்த உடல், குறுக்காக வைத்த லீஃப் ஸ்பிரிங். அசல்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இந்த ரகம்தான். 1965-ல் வந்த '427' மாடல் (எஞ்சினின் கன அங்குல அளவே பெயர்) கிட்டத்தட்ட வேறு வண்டி: தடித்த குழாய்ச் சேஸிஸ், காயில் ஸ்பிரிங், புடைத்த மட்கார்டு, 7 லிட்டர் எஞ்சின். நகல் செய்பவர்கள் பெரும்பாலும் எடுத்துக்கொள்வது இதை. ஆக, 427 நகலை ஓட்டிப் பார்த்துவிட்டு "கோப்ரா இப்படித்தான் இருக்கும்" என்றால், பெரும்பாலான கோப்ராக்களைப் பற்றி நாம் எதுவுமே சொல்லவில்லை.

குதிரைத்திறனை மட்டும் பார்ப்பதும் சரியல்ல. இன்றைய எஞ்சினும் இன்றைய ரேடியல் டயரும் போட்ட நகல் வேகமாகப் போவதில் வியப்பில்லை. அசலின் எண்ணும் ஏமாற்றும். '427' என்ற பெயரில் விற்ற சாலை வண்டிகள் பலவற்றில் இருந்தது, பெரிய சொகுசுக் கார்களுக்கான, சக்தி குறைந்த 428 எஞ்சின்.

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள், உடல் இரும்புத் தகடுதானா என்று சோதிக்கப் பையில் காந்தம் வைத்திருப்பார்கள். இங்கே அது உதவாது. அசலின் உடல் அலுமினியம், பெரும்பாலான நகல்களுடையது ஃபைபர் கிளாஸ். இரண்டிலுமே காந்தம் ஒட்டாது. விரலால் தட்டினால் அலுமினியத்தின் ஓசை தெரியும். அதோடு முடிவு கட்டிவிடவும் கூடாது. அமெரிக்காவின் யூட்டாவில் உள்ள கிர்க்ஹாம் நிறுவனம் நகலையே அலுமினியத்தில் செய்கிறது.

கடைசியாக, ஷெல்பி நிறுவனமே பிற்காலத்தில் வெளியிட்ட தொடர்ச்சிக் கார்களை நகல் என்று ஒதுக்குவதும் தவறு, அறுபதுகளின் அசல் என்று கொண்டாடுவதும் தவறு. சேஸிஸ் எண்ணைப் பாருங்கள். அது சி.எஸ்.எக்ஸ். (CSX) என்ற எழுத்துகளோடு தொடங்கும். அறுபதுகளின் வண்டிகளில் பெரும்பாலானவை சி.எஸ்.எக்ஸ். 2000, 3000 வரிசைகளில் வரும். 4000 வரிசை என்றால் அது தொடர்ச்சிக் கார்.