கப்பலிலிருந்து இறங்கும் காலையில் செய்யக்கூடாத தவறுகள்

கரீபியன் தீவுகளைச் சுற்றிவிட்டு வரும் சொகுசுக் கப்பல்கள் மயாமி, போர்ட் எவர்கிளேட்ஸ், போர்ட் கெனவரல், கால்வெஸ்டன் போன்ற துறைமுகங்களுக்கு விடிவதற்கு முன்பே வந்துவிடும். கரையில் கட்டியாயிற்று என்பதற்காக யாரும் இறங்கிவிட முடியாது. அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறை அனுமதி கொடுத்த பிறகுதான் முதல் பயணி படியில் கால் வைக்கலாம். அங்கிருந்து ஏறக்குறைய பத்து மணிக்குள் ஆயிரக்கணக்கான பேர் இறங்கி, கப்பல் காலியாக வேண்டும். மதியம் அடுத்த கூட்டம் ஏறுவதற்கு வரும்.

இந்தச் சில மணி நேரத்தில் நடக்கும் குழப்பங்களில் பெரும்பாலானவை அந்தக் காலையில் பிறப்பதில்லை. முந்தைய இரவு பெட்டி கட்டும்போதோ, நடுவில் ஏதோ ஒரு தீவில் கடைக்குப் போனபோதோ, சில சமயம் டிக்கெட் எடுத்த அன்றோ செய்த தவறு அப்போது வெளியே வருகிறது. அமெரிக்காவில் வேலை பார்த்துக்கொண்டு, ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் அழைத்துக்கொண்டு கப்பலேறும் தமிழ்க் குடும்பங்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். ஆங்கிலத்தில் கிடைக்கும் ஆலோசனைகள் பெரும்பாலும் அமெரிக்கக் குடிமக்களுக்கானவை. நமக்குக் கூடுதலாகச் சில கவலைகள் உண்டு.

பெட்டியோடு போய்விடும் பாஸ்போர்ட்

கடைசி இரவு, கப்பல் கொடுத்த வண்ண அட்டையை மாட்டிப் பெட்டிகளைக் கேபின் வாசலில் வைத்துவிட வேண்டும். பத்து, பதினொரு மணிக்குள் என்பது பொதுவான வழக்கம். ஊழியர்கள் எடுத்துச் சென்றுவிடுவார்கள். அதன் பிறகு அந்தப் பெட்டியை நீங்கள் பார்ப்பது மறுநாள் முனையத்தின் சாமான் கூடத்தில்தான். நடுவில் கேட்டால் கிடைக்காது.

அதற்குள் பாஸ்போர்ட் போய்விட்டால், சோதனை மேசைக்கு நீங்கள் வெறுங்கையோடு வருவீர்கள். "பத்திரமாக இருக்கட்டும்" என்று பெரிய பெட்டியின் அடியில் வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. கப்பலில் அது வேண்டாம். பாஸ்போர்ட், விசா ஒட்டிய பழைய பாஸ்போர்ட் இருந்தால் அதுவும், கிரீன் கார்டு, எச்-1பி வேலை விசாவுக்கான ஒப்புதல் கடிதம், அப்பாவின் சர்க்கரை மாத்திரை, இன்சுலின், அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரை, நகைகள், மறுநாள் உடுத்த வேண்டிய துணி, செருப்பு எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். உடுத்த வேண்டியதையும் சேர்த்துக் கட்டி அனுப்பிவிட்டு, இரவு உடையோடு இறங்கியவர்கள் பற்றிய கதை எல்லாக் கப்பலிலும் ஒன்று உண்டு. கேட்கச் சிரிப்பாக இருக்கும், கேட்பவர்களுக்கு மட்டும்.

கேபினில் உள்ள சிறிய பெட்டகத்தில் எதையாவது மறந்து விட்டுவிடுவது அடுத்த தவறு. நாளைக்குப் போட வேண்டிய செருப்பில் ஒன்றை அதற்குள் வைத்துவிட்டால் மறக்கவே முடியாது.

பெட்டிகளை நாமே இழுத்துக்கொண்டு முதலில் இறங்கும் வழியும் உண்டு. வாலிபர்களுக்கு நல்லது. ஆனால் அந்த நேரத்தில் லிப்ட் முன்னால் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால், முழங்கால் வலியுள்ள பெற்றோரோடு அதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். சக்கர நாற்காலி தேவைப்பட்டால் முதல் நாளே பதிவு செய்து, எங்கே எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டுவையுங்கள். சாமான் கூடத்தில் போர்ட்டரை அமர்த்திக்கொண்டால் சில துறைமுகங்களில் வரிசையும் குறையும். கொடுக்கும் இனாம் வீணாகாது. அங்கே ஒரே மாதிரி நூறு கறுப்புப் பெட்டிகள் நிற்கும் என்பதால் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவையுங்கள்.

கப்பல் கணக்கை இரவிலேயே பார்த்துவிடுங்கள். குடிக்காத பானத்துக்கு விழுந்த பில்லைக் காலையில் தகராறு செய்ய நினைத்தால் வரிசை நீளம்.

தாள் இல்லை என்றால் கேள்வி இல்லை என்று அர்த்தமல்ல

முன்பெல்லாம் நீல நிறச் சுங்கப் படிவம் ஒன்றை நிரப்பிக் கையில் வைத்திருக்க வேண்டும். இப்போது ஃபுளோரிடாவின் பெரிய முனையங்களில் கேமரா முகத்தைப் பார்த்துப் பாஸ்போர்ட் படத்தோடு ஒப்பிட்டுவிடுகிறது. படிவத்தைக் காணோம். அதனால் பலர், எதையும் அறிவிக்க வேண்டியதில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். இதுதான் புதிய தவறு. கடமை அப்படியே இருக்கிறது. தாள் மட்டும்தான் போயிற்று. அதிகாரி "ஏதாவது கொண்டு வருகிறீர்களா?" என்று கேட்கும்போது நீங்கள் சொல்லும் பதில்தான் இனி உங்கள் படிவம்.

"ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டுப் பையில் ஒரு வாழைப்பழம் இருந்தாலும் சிக்கல்தான். பேத்திக்கு வழியில் பசிக்குமே என்று காலைப் பந்தியிலிருந்து பாட்டி எடுத்து வைத்த பழம் அது. அமெரிக்காவில் விளைந்து, அமெரிக்கத் துறைமுகத்தில் கப்பலேறிய பழமாகவே இருக்கலாம். கரைக்குத் திரும்ப அனுமதி இல்லை. பழத்தோடு பூச்சியும் நோயும் வந்துவிடும் என்பது வேளாண் சோதனையின் கவலை. மோப்பம் பிடிக்கும் பீகிள் நாய்கள் துறைமுகங்களிலும் வேலை செய்கின்றன. பழம் இருக்கிறது என்று சொல்லிவிட்டால் வாங்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள், அவ்வளவுதான். மறைத்துப் பிடிபட்டால் முதல் தடவைக்கே 1,000 டாலர் வரை அபராதம் விதிக்கலாம். எல்லைச் சோதனையை விரைவாக முடித்துவிட உதவும் குளோபல் என்ட்ரி சலுகை வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஒரு ஆப்பிளுக்காக அந்தச் சலுகையே ரத்தாகலாம்.

நம் வீட்டுப் பைகளில் குறிப்பாகப் பார்க்க வேண்டியது கறிவேப்பிலை. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சிக்கு அது இருப்பிடம் என்பதால் வெளியிலிருந்து கொண்டுவரத் தடை. ஆரஞ்சுத் தோப்புகளை அந்த நோய்க்குப் பறிகொடுத்திருக்கும் ஃபுளோரிடாவில் இதை யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. டல்லாஸ் இந்தியக் கடையில் வாங்கி, தயிர்சாதத்துக்காகக் கப்பலுக்குக் கொண்டுபோன கறிவேப்பிலையாக இருந்தாலும் மிச்சத்தைக் கப்பலிலேயே விட்டுவிட்டு வாருங்கள். மெக்சிகோவின் கொசுமெல் தீவில் கண்ணில் பட்ட செம்பருத்திக் குச்சி, மண்ணோடு பிடுங்கிய சிறு செடி, விதைகள் – அம்மாக்களின் கைப்பையில் இவை இருக்கின்றனவா என்று ஒரு தடவை மரியாதையாகக் கேட்டுவிடுவது நல்லது. இறைச்சியும் அப்படித்தான். வறுத்த காபிக் கொட்டை, கடையில் வாங்கிய ரம் கேக், பிஸ்கட், முறுக்கு ஆகியவற்றால் தொல்லை இல்லை. சந்தேகம் இருந்தால் சொல்லிவிடுங்கள்; சொன்னவரிடமிருந்து பொருள் போகலாம், அபராதம் வராது.

வரியில்லாக் கடையும் வரியும்

செயின்ட் மார்ட்டின், பஹாமாஸின் நசாவு ஆகிய இடங்களின் கடைகளில் "வரியில்லை" என்று எழுதியிருப்பது அந்த ஊர் வரியைப் பற்றியது. அமெரிக்காவுக்குள் கொண்டுவரும்போது அமெரிக்கக் கணக்கு தனி. கப்பலுக்குள் இருக்கும் கடையில் வாங்கியதும் இதில் சேரும். "கப்பலிலேதானே வாங்கினோம்" என்ற வாதம் செல்லாது.

அமெரிக்காவில் வசிப்பவருக்குப் பொதுவாகத் தலைக்கு 800 டாலர் வரை விலக்கு. 21 வயது நிரம்பியவருக்கு அதில் ஒரு லிட்டர் மதுவும், 200 சிகரெட்டும் அடக்கம். செயின்ட் தாமஸ் போன்ற அமெரிக்க வர்ஜின் தீவுகளில் வாங்கியிருந்தால் விலக்கு 1,600 டாலராகவும், மது ஐந்து லிட்டராகவும் உயரும். ஆனால் அந்த 1,600 டாலரில் பிற இடங்களில் வாங்கியது 800 டாலரைத் தாண்டக் கூடாது. ஒரே வீட்டில் வசிக்கும் குடும்பத்தினர் விலக்கைச் சேர்த்துக் கணக்கிடலாம். முழு விலக்கு 30 நாளுக்கு ஒரு முறைதான். கால்வெஸ்டனில் இறங்குபவர்கள் மதுவுக்கும் சிகரெட்டுக்கும் டெக்சாஸ் மாநில வரியைத் தனியாகக் கட்ட வேண்டியிருக்கும்.

பலர் தவறவிடும் இடம் ஒன்று இருக்கிறது. சுற்றுலா விசாவில் வந்திருக்கும் பெற்றோர் இந்த 800 டாலர் கணக்கில் வரமாட்டார்கள். வசிப்பவர் அல்லாதவருக்கு அன்பளிப்புப் பொருட்களுக்கான விலக்கு 100 டாலர்தான். அதற்கும் தங்கும் காலம் பற்றிய நிபந்தனைகள் உண்டு. "அப்பா பெயரில் ஒரு கைக்கடிகாரம், அம்மா பெயரில் ஒரு வளையல்" என்று பிரித்துப் போடும் சாமர்த்தியம் இங்கே பலிக்காது.

ஏற்கெனவே இருக்கும் நகைகளைப் போட்டுக்கொண்டு கப்பலேறுபவர்கள், விலை அதிகமான கேமரா கொண்டுபோகிறவர்கள், புறப்படுவதற்கு முன்பே சுங்க அலுவலகத்தில் அவற்றைக் காட்டிப் பதிவுப் படிவம் வாங்கலாம். தொடர் எண் உள்ள பொருட்களுக்கு அது நன்றாகப் பயன்படும். நகைக்குப் பழைய ரசீதோ மதிப்பீட்டுச் சான்றோ இருந்தால் போதும். சூதாட்டக் கூடத்தில் அதிர்ஷ்டம் அடித்து, குடும்பமாகக் கையில் இருக்கும் ரொக்கம் 10,000 டாலரைத் தாண்டினால் அதையும் சொல்ல வேண்டும். வரி பிடிக்க மாட்டார்கள்; சொல்லாவிட்டால்தான் பணத்தையே பிடித்துவைப்பார்கள்.

நினைவுப் பொருட்களில் சில அடியோடு தடை. கியூபா சுருட்டு கொசுமெலிலும் நசாவிலும் கடை கடையாக விற்கும்; 2020 செப்டம்பர் முதல் தனிப்பட்ட பயணிகளும் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுவர முடியாது. கேமன் தீவில் சட்டப்படி விற்கும் ஆமை ஓட்டுப் பொருட்களுக்கும் இங்கே இடமில்லை. ஜமைக்காவில் யாராவது நீட்டும் கஞ்சாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: நீங்கள் இறங்கும் மாநிலம் என்ன சொன்னாலும், துறைமுகத்தில் நடப்பது மத்தியச் சட்டம். மெக்சிகோ மருந்துக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் வலி மாத்திரைகளில் சில, அமெரிக்காவில் மருத்துவச் சீட்டு இல்லாமல் வைத்திருக்கக் கூடாதவை.

விசா முத்திரை: எல்லாவற்றிலும் பெரிய தவறு

பழம் போனால் பழம்தான். இது அப்படியல்ல. கப்பல் மயாமியில் புறப்பட்டு மயாமிக்கே திரும்பினாலும், நடுவில் பஹாமாஸ் போனால் நீங்கள் அமெரிக்காவை விட்டு வெளியேறி மறுபடி நுழைகிறீர்கள். எச்-1பி ஒப்புதல் கடிதத்தின் காலம் இருந்தும் பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரை காலாவதியாகியிருந்தால், திரும்பி வருவதற்குச் செல்லுபடியாகும் விசா உங்களிடம் இல்லை. "30 நாளுக்குள் திரும்பினால் பழைய விசாவே போதுமாமே" என்று நண்பர்கள் சொல்வார்கள். அந்த விதி உண்மைதான். ஆனால் எச்-1பி வைத்திருப்பவர்களுக்கு அது கனடா, மெக்சிகோவுக்கு மட்டும். மாணவர் விசாவில் இருப்பவர்களுக்குத்தான் பக்கத்துத் தீவுகளும் சேரும். கொசுமெல் மட்டும் போகும் கப்பலுக்குப் பொருந்துவது, வழியில் நசாவில் நிற்கும் கப்பலுக்குப் பொருந்தாது. நல்லகாலமாக இருந்தால் ஏறும்போதே தடுத்துவிடுவார்கள், பணம் மட்டும் போகும்.

கிரீன் கார்டு விண்ணப்பம் கடைசிக் கட்டத்தில் நிலுவையில் இருக்க, எச் அல்லது எல் வகை வேலை விசா நிலை இல்லாமல் வேலை அனுமதி அட்டையில் இருப்பவர்கள் அட்வான்ஸ் பரோல் (வெளியே போய்த் திரும்புவதற்கான முன் அனுமதி) கையில் இல்லாமல் கப்பலேறவே கூடாது. வெளியேறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும். நாலு நாள் கடல் காற்றுக்குக் கொடுக்கும் விலை அல்ல அது.

பெற்றோரின் விசாவில் பல முறை நுழையும் அனுமதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத் தங்கல் முடியப்போகும் நேரத்தில் ஒரு கப்பல் பயணம் போய்வந்தால் புதிதாக ஆறு மாதம் கிடைக்கும் என்று நம்பி டிக்கெட் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். கரீபியன் தீவுகளுக்குக் குறுகிய பயணம் போய்வருபவருக்குப் பழைய கெடுவே தொடரலாம். புதிய கெடுவை நம்பி ஊருக்குத் திரும்பும் விமான டிக்கெட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

அமெரிக்கக் குடிமகன் அல்லாதவர்களைக் குறிப்பிட்ட கூடத்துக்கு வரச்சொல்லிக் கப்பலில் அறிவிப்பு வரலாம். அதைக் கேட்காமல் சாவகாசமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், நம் ஒரு குடும்பத்துக்காக மொத்த வரிசையும் நிற்கும். பெயரை ஒலிபெருக்கியில் திணறித் திணறிக் கூப்பிடுவார்கள்.

விமானமும், வீடு வந்த பிறகும்

காலை ஏழு மணிக்குக் கப்பல் வந்துவிடும் என்று பத்து மணி விமானத்துக்கு டிக்கெட் எடுக்காதீர்கள். போர்ட் எவர்கிளேட்ஸிலிருந்து ஃபோர்ட் லாடர்டேல் விமான நிலையம் கூப்பிடு தூரம். ஆனால் போர்ட் கெனவரலிலிருந்து ஆர்லாண்டோ விமான நிலையம் ஏறக்குறைய 45 மைல். கால்வெஸ்டனில் குளிர்காலக் கடல்மூடுபனி வந்தால் கால்வாயையே மூடிவிடுவார்கள். கப்பல் வெளியே மணிக்கணக்கில் காத்திருக்கும். பொதுவாக மதியத்துக்கு முன் விமானம் வேண்டாம்; கால்வெஸ்டன் என்றால் மாலை விமானம்.

வீட்டுக்கு வந்ததும் ஐ-94 (நுழைந்த தேதியையும் தங்கும் கெடுவையும் காட்டும் பதிவு) இணையதளத்தில் ஒவ்வொருவர் பதிவையும் பாருங்கள். கப்பலில் வந்தவர்களுக்கும் புதிய பதிவு உருவாகியிருக்கலாம். எச்-1பி ஒப்புதல் 2028 வரை இருந்தும், பாஸ்போர்ட் அதற்கு முன்பே காலாவதியாவதால் அந்தத் தேதி வரைதான் தங்கல் கொடுத்திருக்கலாம். இது பலருக்கு மாதங்கள் கழித்தே தெரியவருகிறது. தேதியோ விசா வகையோ அதிகாரியின் பிழையால் மாறியிருந்தால், எல்லைப் பாதுகாப்புத் துறையின் ஒத்திவைக்கப்பட்ட சோதனை (Deferred Inspection) அலுவலகத்தில் திருத்திக்கொள்ளலாம். பாஸ்போர்ட் தேதியால் குறைந்திருந்தால் அது பிழையல்ல: பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து, நிறுவனத்தின் வழக்கறிஞரிடம் உடனே பேசுங்கள்.