ஸ்டார்போர்டு: பொருளிலும் மூலத்திலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கப்பலுக்குள் முன்புறத்தை நோக்கி நிற்பவருக்கு வலக்கைப் பக்கமாக அமைவது ஸ்டார்போர்டு, இடக்கைப் பக்கமாக அமைவது போர்ட். இவற்றை வெறுமனே 'வலப்பக்கம்', 'இடப்பக்கம்' என்று எழுதி நிறுத்திவிடுவது பலரும் செய்யும் பிழை. வலமும் இடமும் பார்ப்பவர் திரும்பினால் மாறிவிடும். ஸ்டார்போர்டு கப்பலோடு பிணைந்தது. பின்புறம் பார்த்து நிற்கும் மாலுமிக்கு அது இடக்கைப் பக்கமாக இருந்தாலும் அதன் பெயர் மாறாது. ஆகவே மொழிபெயர்ப்பில் 'கப்பலின் வலப்பக்கம்' என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

சொல்லின் முற்பகுதியைக் கேட்டு, விண்மீன்களைப் பார்த்துத் திசையறிந்த பக்கம் என்று விளக்கம் தருவது அடுத்த தவறு. பழைய ஆங்கிலத்தில் இச்சொல் 'ஸ்டியோர்போர்டு'. 'ஸ்டியோர்' என்பது கப்பலைச் செலுத்தும் சுக்கான் துடுப்பைக் குறித்தது. 'போர்டு' என்பதற்குப் பலகை என்பதோடு கப்பலின் பக்கம் என்ற பொருளும் இருந்தது. அக்கால வட ஐரோப்பியக் கப்பல்களில் சுக்கான் பின்முனையின் நடுவில் இல்லை. நார்வேயில் 1880ஆம் ஆண்டு அகழ்ந்தெடுக்கப்பட்ட கோக்ஸ்டாட் கப்பலில், அகன்ற அலகுடைய நீண்ட துடுப்பு ஒன்று, வலப்பக்கத்தில் பின்முனையை ஒட்டி, உடற்பலகையில் பொருத்திய மரக்குமிழோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்ததைக் காணலாம். அந்தத் துடுப்பு இருந்த பக்கமே ஸ்டார்போர்டு. 9ஆம் நூற்றாண்டில் ஓட்டெரே என்ற நார்வே வணிகர் இங்கிலாந்தின் வெசெக்ஸ் பகுதியை ஆண்ட ஆல்பிரட் மன்னரிடம் கூறிய பயண விவரத்தில், வடக்கே செல்கையில் நிலம் 'ஸ்டியோர்போர்டு' பக்கமும் விரிகடல் 'பேக்போர்டு' பக்கமும் இருந்ததாகவே எழுதப்பட்டுள்ளது.

இடப்பக்கத்துக்கு வழங்கிய 'பேக்போர்டு' ஆங்கிலத்தில் மறைந்து, 'லார்போர்டு' வந்தது. சரக்கேற்றும் பக்கம் என்ற பொருளிலிருந்து அது பிறந்ததாகப் பெரும்பாலும் கருதப்படுகிறது. புயலிரைச்சலில் லார்போர்டும் ஸ்டார்போர்டும் ஒன்றுபோல் ஒலிப்பது ஆபத்தானது என்பதால், பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை 1844இல் லார்போர்டை விலக்கிப் 'போர்ட்' என்பதையே கட்டாயமாக்கியது. அந்த ஆண்டில்தான் போர்ட் என்ற சொல்லே உருவாக்கப்பட்டது என்று எழுதுவது தவறு. 17ஆம் நூற்றாண்டிலேயே மாலுமிகள் அதைச் சுக்கான் ஆணைகளில் வழங்கினார்கள். 'போர்ட் சைடு' என்பதைத் 'துறைமுகப் பக்கம்' என்று தமிழாக்குவதும் வாசகரைத் திசைதிருப்பும்.

இந்தியாவுக்கு வரும்போது போர்ட் பக்கமும் திரும்பும்போது ஸ்டார்போர்டு பக்கமும் வெயில் குறைந்த அறைகளைப் பெற்ற செல்வந்தர்களின் பயணச்சீட்டில் இட்ட 'போர்ட் அவுட், ஸ்டார்போர்டு ஹோம்' என்ற முத்திரையின் ஆங்கில முதலெழுத்துகளிலிருந்து, பகட்டானது எனப் பொருள்படும் 'பாஷ்' (posh) என்ற சொல் பிறந்தது என்ற கதையையும் நம்பி எழுத வேண்டாம். அப்படி முத்திரையிட்ட சீட்டு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

மிகுந்த கவனம் தேவைப்படுவது பழைய சுக்கான் ஆணைகளில்தான். 1912 ஏப்ரல் 14 இரவு, டைட்டானிக்கின் முதல் அதிகாரி மர்டாக் 'ஹார்ட் அ ஸ்டார்போர்டு' (ஸ்டார்போர்டு பக்கம் முழுவதுமாக) என்று ஆணையிட்டார். கப்பலின் முகப்போ இடப்புறம் திரும்பியது. இதைக் கொண்டு சுக்கான் பிடித்தவர் குழம்பிப் போனார் என்று முடிவுகட்டுவது அநீதி. அக்கால ஆணை, கப்பல் திரும்ப வேண்டிய திசையைச் சொல்லவில்லை. சுக்கானின் கைப்பிடித் தண்டைத் தள்ள வேண்டிய திசையைச் சொன்னது. தண்டை வலப்புறம் தள்ளினால் நீருக்குள் இருக்கும் அலகு இடப்புறம் விலகும், முகப்பும் இடப்புறம் திரும்பும். தண்டுக்குப் பதிலாகச் சக்கரம் வந்த பின்னரும், இடப்புறம் திரும்பச் சக்கரத்தை இடப்புறமே சுழற்ற வேண்டியிருந்தும், ஆணைச்சொல் மட்டும் பழைய வழக்கிலேயே நின்றது. மர்டாக் பனிப்பாறையை விட்டு இடப்புறம் விலகவே விரும்பினார். ஆணை முறையாகவே நிறைவேற்றப்பட்டது. பாறை உரசியது ஸ்டார்போர்டு பக்கத்தில்.

பிரிட்டிஷ் கப்பல்களில் இந்த வழக்கம் 1933இல்தான் மாற்றப்பட்டு, ஆணையும் கப்பல் திரும்பும் திசையும் ஒன்றாயின. அதற்கு முந்தைய பிரிட்டிஷ் கப்பல் பதிவேட்டையோ விசாரணை வாக்குமூலத்தையோ தமிழாக்குபவர், 'ஸ்டார்போர்டு' என்ற சுக்கான் ஆணையை 'வலப்புறம் திருப்பு' என்று எழுதினால் நிகழ்ச்சியே தலைகீழாகிவிடும். ஆணைச்சொல்லை அப்படியே வைத்து, கப்பல் திரும்பிய பக்கத்தை அடுத்த வாக்கியத்தில் தனியே குறிப்பதே சரியான முறை.