கான்சாகிபு வரலாற்றை எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலிச் சீமையில் பள்ளி ஆண்டு மலருக்கோ ஊர் வரலாற்று நூலுக்கோ மருதநாயகம் என்றும் யூசுப் கான் என்றும் அழைக்கப்படும் கான்சாகிபுவின் வாழ்க்கையை எழுத முற்படுவோர் பெரும்பாலும் 1764 அக்டோபர் 15 அன்று மதுரையை அடுத்த சம்மட்டிபுரத்தில் அவர் தூக்கிலிடப்பட்டதிலிருந்தே தொடங்குகிறார்கள். அவ்வாறு தொடங்குவதில் பிழையில்லை. அந்த முடிவைக் கொண்டே அவருடைய முந்தைய வாழ்க்கையையும் அளந்து, பிறந்த நாள் முதல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்தவராக அவரைக் காட்டுவதுதான் பிற தவறுகளுக்கெல்லாம் வேராகிறது.

திருச்சிராப்பள்ளிப் போர்களில் ஆங்கிலத் தளபதிகள் கிளைவ், லாரன்ஸ் ஆகியோரின் கீழ்ப் பணியாற்றிப் பெயரெடுத்து, கம்பெனிச் சிப்பாய்களின் கமாண்டன்டாக உயர்ந்தவர் அவர். 1755இல் கர்னல் ஹெரான் தெற்கே படையெடுத்தபோது உடன் வந்தவரும், 1759ஆம் ஆண்டின் இறுதியில் வாசுதேவநல்லூர்க் கோட்டையை முற்றுகையிட்டுப் பிடிக்க முடியாமல் திரும்பியவரும், 1761இல் நெற்கட்டும்செவல் உள்ளிட்ட பூலித்தேவரின் கோட்டைகளைக் கைப்பற்றியவரும் அவரே. பூலித்தேவரையும் கான்சாகிபுவையும் ஒரே மேடையில் போற்ற விரும்பும் நம் பக்கத்து எழுத்தாளர்களுக்கு இச்செய்தி சங்கடம் தருவதால், சிலர் இந்த ஆண்டுகளை ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். வேறு சிலர் வெற்றியை மட்டும் பெயரில்லாத ஒரு வெள்ளைத் தளபதியின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். உண்மையில் அவருடைய திறமை மிகத் தெளிவாகப் புலப்படுவது இந்த ஆண்டுகளில்தான். பாளையக்காரர்களுக்கு இடையிலிருந்த பகையை அறிந்து பயன்படுத்தியதும், களக்காட்டுப் பகுதியை விட்டுக்கொடுத்துத் திருவிதாங்கூரைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டதும் பீரங்கியைவிட அவருக்கு அதிகம் உதவின.

அவர் கம்பெனியோடு முரண்பட்டதற்கு ஒரே இரவில் பிறந்த நாட்டுப்பற்றைக் காரணமாகச் சொல்வது எளிது. ஆனால் அது போதாது. மதுரையையும் திருநெல்வேலியையும் குத்தகைக்கு எடுத்து ஆண்டவர் யாருக்குக் கட்டுப்பட்டவர், ஆர்க்காட்டு நவாப் முகமது அலிக்கா கம்பெனிக்கா என்னும் வழக்கே அதன் நடுவில் இருந்தது. 1761இல் புதுச்சேரி வீழ்ந்தபின், பிரெஞ்சுக்காரர்களை எதிர்க்க அவர் தேவை என்ற நிலை கம்பெனிக்கு இல்லாமல் போனது. நவாபின் பிடியோ இறுகியது. 1763இல் போர் வெடித்தபோது மதுரைக் கோட்டையில் அவர் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். இதையும் பலர் மறைக்கிறார்கள். கொடியை மறைத்துவிட்டால், கடைசியில் அவரைப் பிடித்துக் கொடுத்தவர்களுள் பிரெஞ்சுத் தளபதி மார்ஷான் எப்படி வந்து சேர்ந்தார் என்பதை வாசகருக்கு எவ்வாறு விளக்குவது?

போரை மட்டுமே எழுதி ஆட்சியை விட்டுவிடுவதும் பரவலான குறை. குளங்களைப் பழுதுபார்த்ததும், மீனாட்சியம்மன் கோயிலுக்கு உரிய நிலங்களை மீட்டுக் கொடுத்ததும் முற்றுகைக்கு இணையான இடம் பெற வேண்டியவை. அவர் பிறந்த சாதி எது என்னும் சண்டைக்குப் பக்கம் பக்கமாக இடம் தருவோர் இவற்றுக்கு ஒரு பத்திகூடத் தருவதில்லை.

பெயர்க் குழப்பங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நவாபின் அண்ணன் மாபூஸ் கான் வேறு, யூசுப் கான் என்னும் கான்சாகிபு வேறு. 1755க்குப் பின் இருவருமே நெல்லைச் சீமையில் நடமாடியதால் ஒருவரின் செயல் மற்றவரின் கணக்கில் ஏறிவிடுகிறது. கான்சாகிபு பிறந்ததாகச் சொல்லப்படும் பனையூர் இராமநாதபுரம் பக்கத்தது. பூலித்தேவரின் கோட்டை இருந்த பனையூர் சங்கரன்கோவில் வட்டாரத்தது. நெற்கட்டும்செவல் இப்போது தென்காசி மாவட்டத்தில் உள்ளது. கட்டபொம்மனை இவருடைய தோழராக்கி எழுதுவோரும் உண்டு. இவர் தூக்கிலிடப்பட்டபோது 1760இல் பிறந்த கட்டபொம்மன் நான்கு வயதுக் குழந்தை.

அவருடைய உடலைத் துண்டித்துப் பல ஊர்களுக்கு அனுப்பினார்கள் என்னும் வழிவழிச் செய்தியில் ஊர்ப் பெயர்கள் கதைக்குக் கதை மாறுகின்றன. பாளையங்கோட்டையும் அதில் இடம்பெறுவதுண்டு. அதை எழுதும்போது, மக்கள் சொல்லி வருவது என்று குறித்துவிட்டே எழுத வேண்டும்.