பழைய கல்லூரிக் கட்டடத்தை மாணவர் மன்றங்களுக்குத் தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய கட்டடம் ஒன்றை நாடகக் குழுவுக்கோ இசை மன்றத்துக்கோ ஒதுக்கலாம் என்று முடிவானதும் முதலில் வந்து நிற்பவர் பெரும்பாலும் பெயின்டர்தான். ஆண்டு விழாவுக்குள் பளிச்சென்று ஆக வேண்டுமே! முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது.

1879இல் கட்டி முடித்த சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸ் மாதிரியான கட்டடங்கள் செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுந்தவை. சுண்ணாம்புச் சுவர் மழைக்கு ஈரத்தை இழுக்கும், வெயிலுக்கு அதை வெளியே விடும். மேலே சிமென்ட் பூசி எமல்ஷன் அடித்தால் அந்த ஈரத்துக்குப் போக வழியில்லை. சில மழைக்காலங்களில் இடுப்பு உயரம் வரை உப்புப் பூத்து, விரலால் தொட்டாலே மாவாக உதிரும். கான்ட்ராக்டர் அதைச் சுரண்டிவிட்டு இன்னும் கெட்டியாகச் சிமென்ட் பூசுவார்! கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்புக் காரைதான் இங்கே சரி. அது இறுக நாளாகும், தெரிந்த கொத்தனார் கிடைப்பதும் கஷ்டம். அதையெல்லாம் கணக்கில் வைத்துத்தான் திறப்பு விழாத் தேதியைக் குறிக்க வேண்டும்.

அடுத்தது மாடி. பல கட்டடங்களில் அது மெட்ராஸ் டெரஸ்: தேக்குச் சட்டங்கள், அவற்றின் மேல் குத்துவாக்கில் அடுக்கிய செங்கல், அதற்கு மேல் செங்கல் ஜல்லி கலந்த சுண்ணாம்புக் கலவை, தட்டோடு. நடுவில் தட்டிப் பார்த்தால் கெட்டியாகத்தான் இருக்கும். சட்டம் சுவருக்குள் நுழையும் முனைதான் முதலில் உளுக்கும், அது வெளியில் தெரியாது. கட்டடங்கள் தாங்க வேண்டிய பாரத்தைச் சொல்லும் இந்தியத் தர விதியான ஐ.எஸ். 875இன்படி வகுப்பறைத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 300 கிலோ பாரம் என்று கணக்கிட்டால் போதும். நாற்காலி பொருத்தாத கூட்ட அரங்குக்கு அது 500 கிலோ. ஆக, மேல்மாடி வகுப்பறையின் பெஞ்சுகளை வெளியே போட்டுவிட்டு, நாற்பது பேர் ஒரே தாளத்தில் குதிக்கும் நடனப் பயிற்சியை அங்கே வைப்பது வெறும் பெயர்ப்பலகை மாற்றம் அல்ல. ஆட்டத்தைத் தரைத்தளத்தில் வையுங்கள். நூலகத்தை மாடிக்கு அனுப்புவதிலும் அவசரம் வேண்டாம். புத்தக அலமாரி மனிதக் கூட்டத்தைவிடக் கனக்கும்.

நெருப்பைப் பற்றிப் பேசாமல் கலைக்கூடம் பற்றிப் பேச முடியாது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ கலைப் பள்ளியில் கட்டடக் கலைஞர் மெக்கின்டாஷ் வடிவமைத்த கட்டடம் 1909இல் முடிந்தது. 2014 மே 23 அன்று இறுதியாண்டு மாணவர்கள் கண்காட்சிக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். ஒரு படைப்புக்காகப் பயன்படுத்திய ஃபோம் டப்பாவிலிருந்து வந்த வாயு, சூடான புரொஜெக்டர் அருகே பற்றிக்கொண்டது. அதன்பின் தீ ஓடிய வழிதான் பாடம்: காற்றோட்டத்துக்காக அந்தக் காலத்தில் சுவருக்குள் விட்ட குழாய்வழிகளில் ஏறி, புகழ்பெற்ற நூலகத்தையே விழுங்கியது. சீரமைப்பு நடந்துகொண்டிருந்தபோதே, 2018 ஜூனில், இரண்டாவது தீ. அதன் காரணம் இன்னதென்று உறுதியாகவில்லை. நம் ஊரில் 2012 ஜனவரியில் சென்னை சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகால் எரிந்து கூரை இடிந்தது, ஒரு தீயணைப்பு அதிகாரி உயிரிழந்தார். அப்போது அது அரசு அலுவலகமாகத்தான் இருந்தது. ஆனால் நாடகக் குழு அதே வகைக் கூரையின் கீழ் ஸ்பாட்லைட்டும் திரைச்சீலையும் பெயின்ட் டப்பாவும் அல்லவா கொண்டுவருகிறது?

எனவே அடைத்த கதவுகள், பொய்க்கூரை, புகைபோக்கி என்று கட்டடத்துக்குள் இருக்கும் வெற்றிடங்களை முதலில் வரைபடத்தில் குறியுங்கள். தளத்துக்குத் தளம் அவற்றைத் தடுத்து அடையுங்கள். மேடை விளக்குக்குத் தனி மின்சார லைன் இழுக்க வேண்டும். ஏற்கெனவே மூன்று ஃபேன் சுற்றும் பிளக்கிலிருந்து எக்ஸ்டென்ஷன் போடுவதெல்லாம் கூடாது.

எதிரொலிக்குப் பயந்து உயரமான கூரையைப் பொய்க்கூரையால் மறைப்பதும் வழக்கம். கனமான திரை, கழற்றி மாட்டும் பலகைகளே பாதி வேலையைச் செய்துவிடும். மேடைச் சட்டத்தையும் சுவரில் ஆணி அடிக்காமல் தரையில் தானாக நிற்பதுபோல் செய்யுங்கள்.

அப்புறம், பலரும் மறப்பது: மாணவர்களைக் கேட்பது. அவர்கள் ஒத்திகைக்கு வருவது சாயங்காலம் ஐந்துக்கு மேல். அந்த நேரத்தில் சாவி வைத்திருக்கும் உதவியாளர் வீட்டுக்குப் போயிருப்பார். பறையையும் தப்பட்டையையும் வைக்க அறை இருக்காது, உடை மாற்றக் கழிப்பறைதான். இதையெல்லாம் வரைபடம் போடும் முன்பே அவர்களிடம் கேட்டுவிடலாம்.